எழுதுகிற நேரத்துக்கு யார் கூலி தருவது?

பால் எங்கில் என்ற அமெரிக்கக் கவிஞர் பிற்காலத்தில் சொன்ன கதை இது. 1940-களின் நடுப்பகுதி. அயோவா பல்கலைக்கழகத்தில் அவருடைய அறைக் கதவை ஓர் இளம்பெண் தட்டுகிறார். உள்ளே வந்து ஏதோ சொல்கிறார். எங்கிலுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பெண்ணுக்கு ஊர் தெற்கே ஜார்ஜியா மாநிலம். இழுத்து இழுத்துப் பேசும் அந்த ஊர்ப் பேச்சு எங்கிலின் காதில் ஏறவில்லை. திரும்பச் சொல்லச் சொல்கிறார்; அப்போதும் புரியவில்லை. கடைசியில் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தி, எழுதிக் காட்டும்படி கேட்கிறார். தன் பெயர், தான் பத்திரிகையாளர் இல்லை என்ற தகவல், எழுத்துப் பட்டறையில் சேரலாமா என்ற கேள்வி. அவ்வளவுதான் எழுதியிருந்தார். இதழியல் படிக்க உதவித்தொகை பெற்று வந்திருந்த அந்தப் பெண்ணின் கதைகளை எங்கில் வாங்கிப் படித்தார். இடம் கொடுத்தார். அந்தப் பெண்தான் ஃபிளானரி ஓ'கானர். அவரை விட்டுவிட்டு அமெரிக்கச் சிறுகதையைப் பற்றிப் பேச முடியாது.

இன்று அப்படிக் கதவைத் தட்டிவிட முடியாது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கதை எழுதச் சொல்லிக்கொடுப்பவர் ஜார்ஜ் சாண்டர்ஸ். 2021-ல் வந்த தன் புத்தகத்தில் அவர் போகிறபோக்கில் ஒரு கணக்குச் சொல்கிறார். அங்கே ஓராண்டில் கதைப் பிரிவுக்கு வருகிற விண்ணப்பங்கள் அறுநூறிலிருந்து எழுநூறு. இருக்கிற இடம் ஆறு. நூறு பேரில் ஒருவருக்குத்தான் இடம். இத்தனைக்கும், இந்தப் பட்டம் வாங்கினால் வேலை நிச்சயம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

பிறகு எதற்கு இந்த முண்டியடிப்பு? இரண்டு மூன்று ஆண்டுகள் யாரோ சோறு போட, உட்கார்ந்து எழுதலாம் என்பதற்காக. அமெரிக்காவில் ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும் படிக்கிற முதுகலை மாணவர்களைச் சுற்றி உதவித்தொகை, மாநாடு, பரிசு, உறைவிடத் திட்டம் என்று பெரிய சந்தையே இயங்குகிறது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உதவியது: இதில் யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள்?

தகரக் கொட்டகையில் தொடங்கியது

எழுதுவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற சர்ச்சை நம் இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையில் இன்னும் முடியவில்லை. அமெரிக்கர்கள் அதற்கு அலுவலக முறையில் ஒரு தீர்வு கண்டார்கள். ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கவிதைத் தொகுப்பையோ நாவலையோ கொடுத்தாலும் உயர்பட்டம் தரலாம் என்று அயோவா பல்கலைக்கழகம் 1922-ல் முடிவெடுத்தது. 1936-ல் அங்கே எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கியது. 1941-லிருந்து 1965 வரை அதை நடத்தியவர் எங்கில். போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதால் கூட்டம் பெருகியது. ஆற்றங்கரையில் போட்டிருந்த ராணுவத் தகரக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது.

எங்கில் நல்ல கவிஞரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வசூல் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குவேக்கர் ஓட்ஸ், வாஷிங் மெஷின் செய்யும் மேடேக் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, கவிஞர்களுக்காகப் பணம் திரட்டினார். பின்னாளில் சி.ஐ.ஏ.வின் முகமூடி என்று அம்பலமான ஃபார்ஃபீல்ட் அறக்கட்டளையின் பணமும் அதில் சேர்ந்திருந்தது. எரிக் பென்னட் என்ற ஆய்வாளர் 2015-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 'தனிமனித அனுபவத்தை எழுது, தத்துவம் பேசாதே' என்கிற பட்டறைப் பாடத்துக்கும் பனிப்போர் அரசியலுக்கும் உறவு உண்டு என்பது அவருடைய வாதம். முழுக்க ஏற்கவேண்டியதில்லை. ஆனாலும் கூலி கொடுக்கிறவருக்கும் ஒரு கணக்கு இருக்கும் என்பது நினைவில் இருப்பது நல்லது.

பட்டறை நடக்கிற விதம் எளிமையானது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். இந்த வாரம் யார் கதையோ, அதன் பிரதி முன்கூட்டியே எல்லார் கைக்கும் போயிருக்கும். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று மற்றவர்கள் பேச, எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. அயோவா வழியில் வந்த பட்டறைகளில் நெடுங்காலம் இதுதான் எழுதாத சட்டம். கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மேத்யூ சலெசஸ் 2021-ல் எழுதிய நூல் இதைத்தான் கேள்விக்குள்ளாக்கியது. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்களாக இருந்தால், வேறு வீட்டுக் கதையைச் சொல்ல வந்தவர் மௌனமாக உட்கார்ந்து எதைக் கற்றுக்கொள்வார்? தாய்மாமன் சீர் பற்றிய கதையை அங்கே வைத்துவிட்டு, 'இந்த மாமாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?' என்று பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரம் விவாதிப்பதைப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். இப்போது பல வகுப்புகளில் எழுதியவரே கேள்வி கேட்டு உரையாடலைத் தொடங்குகிற முறை வந்திருக்கிறது. 2004-ல் தொடங்கிய குண்டிமான் என்ற அமைப்பு ஆசிய அமெரிக்க எழுத்தாளர்களுக்கென்றே தனி முகாம் நடத்துவதும் இந்த வலியிலிருந்து பிறந்ததுதான்.

இரண்டு குவியல்

அமெரிக்க ஆங்கிலத் துறைகளில் முதுகலை மாணவர்களுக்கு அறிவிப்புகள் வந்தபடியே இருக்கும். இந்தப் போட்டிக்குக் கடைசித் தேதி இது, அந்த மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பு, இந்த இதழுக்குக் கவிதை வேண்டும், அந்தத் தீவில் கோடை முகாம். எல்லாவற்றுக்கும் பெயர் 'வாய்ப்பு'. அதை அப்படியே நம்புகிறவர் ஓராண்டில் கையில் இருக்கிற காசைத் தொலைத்துவிடுவார். அறிவிப்புகளை இரண்டு குவியலாகப் பிரிக்கத் தெரியவேண்டும். நம்மிடம் காசு கேட்பவை ஒரு குவியல். நமக்குக் காசு தருபவை இன்னொன்று.

முதல் குவியல்தான் உயரம். பட்டப்படிப்பிலேயே இந்தப் பிரிவினை தொடங்கிவிடுகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.எஃப்.ஏ. என்ற படைப்பெழுத்து முதுகலைப் பட்டம் படிக்க ஆண்டுக் கட்டணம் மட்டும் 60 ஆயிரம் டாலருக்கு மேல். பெயர் பெரிது, ஆசிரியர்கள் பெரியவர்கள், பதிப்பகங்கள் பக்கத்துத் தெருவில். ஆனால் கவிதை எழுதி அந்தக் கடனை அடைத்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் இதழ்கள். கதை அனுப்பினால் படித்துப் பார்க்கவே மூன்று டாலர் கேட்கிற இதழ்கள் அங்கே ஏராளம். முதல் தொகுப்புக்கான போட்டிகளில் நுழைவுக் கட்டணமே 25, 30 டாலர். நம் சிற்றிதழ்கள் எழுதியவருக்குக் காசு கொடுத்ததில்லைதான். ஆனால் கேட்டதும் இல்லை.

இரண்டாவது குவியல் சின்னது. தேடி எடுக்கவேண்டியது அதைத்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்செனர் மையம், ஜேம்ஸ் மிச்செனர் என்ற நாவலாசிரியர் தன் புத்தகங்களில் சம்பாதித்ததைக் கொட்டி உருவாக்கியது. மூன்று ஆண்டு, கட்டணம் கிடையாது, செலவுக்குப் பணம் உண்டு, பாடம் நடத்தவேண்டிய கடமையும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் படைப்பெழுத்துத் திட்டத்துக்கு ஹெலன் ஜெல் என்ற கொடையாளர் 2013-ல் 5 கோடி டாலர் கொடுத்தார். கார்னெல் ஆண்டுக்கு எட்டே பேரை எடுக்கிறது. எட்டுப் பேருக்கும் செலவை அதுவே பார்த்துக்கொள்கிறது.

பட்டமே தராத இடங்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் வாலஸ் ஸ்டெக்னர் 1946-ல் தொடங்கிய படைப்பெழுத்துத் திட்டத்தின் உதவித்தொகை அவர் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு ஆண்டு எழுதலாம், வாரம் ஒரு பட்டறை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை. நம் விக்ரம் சேத் அங்கே பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்கப் போனவர். 1977-78-ல் கவிதைக்காக இந்த உதவித்தொகை பெற்றார். பொருளாதார ஆய்வேடு முடியவே இல்லை. 1986-ல் வந்தது முழுக்கச் செய்யுளில் எழுதிய ஒரு நாவல்.

மற்ற பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏற்பாடு நடுவாந்திரமானது. கட்டண விலக்கு, மாதாந்திர உதவித்தொகை. பதிலுக்கு முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கவேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர் பாடவேளைக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. காகிதத்தில் 20 மணி நேரம். இருபது சொச்சம் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தவருக்குத்தான் கடிகாரம் தெரியும். படிப்பு முடிந்தபின் ஓராண்டு அங்கே வேலை பார்க்கலாம். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கிற கூடுதல் இரண்டாண்டு, ஆங்கிலம் படித்தவருக்குக் கிடையாது. குடும்பத்தில் கடன் வாங்கிப் போக நினைக்கிறவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்கவேண்டும்.

விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியோடு முடியும். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. எல்லாமே கையெழுத்துப் பிரதிதான். கதை என்றால் 25, 30 பக்கம், கவிதை என்றால் பத்துச் சொச்சம். நோக்கம் விளக்கும் கட்டுரையில் ஷேக்ஸ்பியரைச் சின்ன வயதிலிருந்தே நேசிப்பதாக எழுதுகிற பக்கங்களைத் தேர்வுக்குழு விரைவாகப் புரட்டிவிடும். இடம் கிடைத்தவர்கள் தெரிந்துகொள்ள இன்னொன்று: உதவித்தொகையோடு வருகிற அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன. அதற்கு முன்பே 'நாளைக்குள் சொல்' என்று அவசரப்படுத்தினால் இந்தத் தேதியை மரியாதையாக நினைவூட்டலாம்.

விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது மறுப்புதான். அதைப் பற்றிப் பேசினால் ரூத் லில்லியைச் சொல்லாமல் இருக்க முடியாது. மருந்துக் கம்பெனிக் குடும்பத்து வாரிசு. 1912-லிருந்து சிகாகோவில் வெளிவரும் 'பொயட்ரி' இதழுக்குக் கவிதை அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒன்றுகூடப் பிரசுரமாகவில்லை. ஆசிரியர் கைப்பட எழுதிய மறுப்புக் கடிதம் மட்டும் வந்தது. 2002-ல் அந்த அம்மாள் அதே இதழுக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் எழுதிவைத்தார். இன்று அவர் பெயரைத் தாங்கிய உதவித்தொகை ஆண்டுதோறும் ஐந்து இளங்கவிஞர்களுக்குப் போகிறது.

மார்ச்சில் திருவிழா, ஜனவரியில் நேர்முகம்

படைப்பெழுத்து மாணவர்களின் ஆண்டுத் திருவிழா ஏ.டபிள்யூ.பி. மாநாடு. 1967-ல் பதின்மூன்று படைப்பெழுத்துத் துறைகள் கூடித் தொடங்கிய சங்கம் அது. 1973-ல் வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தில் நடந்த முதல் மாநாட்டில் மொத்தம் ஆறே நிகழ்ச்சிகள். இப்போது ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ஒரே நேரத்தில் பத்து அறைகளுக்கு மேல் அரங்குகள் நடக்கும். 2025-ல் லாஸ் ஏஞ்சலஸ், 2026-ல் பால்டிமோர். கருத்தரங்குகளைவிட நான் மதிப்பது அங்கே நடக்கிற புத்தகச் சந்தையைத்தான். சென்னைப் புத்தகக் காட்சியில் சிற்றிதழ் மேசைகள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. உங்கள் கதையைத் திருப்பி அனுப்பிய இதழின் ஆசிரியர் மேசைக்குப் பின்னால் மிட்டாய்க் கிண்ணத்தோடு நிற்பார். அவரும் பெரும்பாலும் உங்களைப் போல ஒரு முதுகலை மாணவர்தான்.

பல பல்கலைக்கழக இதழ்களுக்கு வந்து குவிகிற படைப்புகளில் முதல் சலித்தெடுப்பைச் செய்பவர்கள் மாணவர்களே. சம்பளம் அநேகமாகக் கிடையாது. ஆனாலும் கூலி பற்றிய என் கறார்க் கணக்கிலிருந்து இந்த ஒரு வேலைக்கு விலக்கு கொடுப்பேன். முன்னூறு கதைகளை அடுத்தடுத்துப் படித்தவருக்கு, முதல் பத்தியிலேயே கதாநாயகன் தூக்கத்திலிருந்து எழுவது எத்தனை கதைகளில் வருகிறது என்று தெரிந்துவிடும். எந்தப் பட்டறையும் தராத பாடம் அது.

ஆங்கில இலக்கிய ஆய்வாளர்களின் உலகம் வேறு. அவர்களுடைய பேரவை 1883-ல் தொடங்கிய எம்.எல்.ஏ. என்ற நவீன மொழிச் சங்கம். அதன் மாநாடு நெடுங்காலம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் நடந்தது. குடும்பத்தோடு இருக்கவேண்டிய நாளில் குளிரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த தலைமுறைகளின் சாபமோ என்னவோ, 2011-லிருந்து ஜனவரிக்கு மாற்றினார்கள். அந்த அலைச்சலுக்குக் காரணம் ஆய்வுக்கட்டுரை மட்டுமில்லை. பேராசிரியர் வேலைக்கான முதல் நேர்முகம் அங்கேதான் நடக்கும், பெரும்பாலும் ஹோட்டல் அறைகளில். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மில்டனைப் பற்றிப் பதில் சொல்வது என்பது அந்தத் தொழிலின் தலைமுறை நினைவு. காணொளி நேர்முகம் வந்தபின் அது மறைந்தது. வேலைகளும் மறைந்தன என்பதுதான் சோகம். எம்.எல்.ஏ.வின் வேலைப் பட்டியலில் ஆங்கிலத் துறைக்கான விளம்பரங்கள் 2008-க்குப் பிந்தைய பத்தாண்டில் பாதிக்கும் கீழே சரிந்தன.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இந்தக் கணக்கை அப்பட்டமாகக் காட்டுகிறது. 2024-ல் அங்கே முதுகலை மாணவர்கள் ஏறத்தாழ ஏழு மாதம் வேலைநிறுத்தம் செய்து, முனைவர் பட்ட மாணவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 45 ஆயிரம் டாலர் உதவித்தொகை என்ற ஒப்பந்தத்தை வென்றார்கள். அடுத்த மாதமே ஆங்கிலம், வரலாறு, தத்துவம் உள்ளிட்ட துறைகளில் அடுத்த கல்வியாண்டுக்கு முனைவர் பட்டச் சேர்க்கை நிறுத்தம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

கோடைக்கு முகாம்கள். வெர்மான்ட் மலையில் 1926-லிருந்து நடக்கிற பிரெட் லோஃப் மாநாடு மூத்தது. அங்கே பல்லாண்டுகள் ஒரு வழக்கம் இருந்தது: திறமையான இளம் எழுத்தாளர்களுக்குக் கட்டணச் சலுகை, பதிலுக்கு உணவுக் கூடத்தில் பரிமாறவேண்டும். நேற்றுவரை தட்டு ஏந்தியவர்கள் பிறகு பெரிய பரிசுகள் வாங்கியது உண்டு. விஞ்ஞானப் புனைகதைக்காரர்களுக்கு 1968-ல் தொடங்கிய கிளாரியன், ஆறு வாரம். ஆக்டேவியா பட்லர் 1970-ல் அங்கே போனவர்.

ஒரு தமிழரின் அயோவா

எங்கில் பட்டறையை விட்டபின், தன் மனைவியாகப் போகிற சீன எழுத்தாளர் நியே ஹுவாலிங்கோடு சேர்ந்து 1967-ல் சர்வதேச எழுத்துத் திட்டத்தைத் தொடங்கினார். இதில் பட்டம் இல்லை, வகுப்பும் இல்லை. உலகெங்கிலுமிருந்து எழுத்தாளர்களை அழைத்து, அயோவா சிட்டியில் தங்கவைத்து, எழுதவிடுவது. 1973-ல் அங்கே போனவர் தமிழ் எழுத்தாளர் அசோகமித்திரன். ஏழு மாத அனுபவம் 1985-ல் 'ஒற்றன்' ஆனது. பனிப்போர்ப் பணம் புழங்கிய ஊரைப் பற்றிய நாவலுக்கு அந்தத் தலைப்பு எப்படி வாய்த்தது என்று நினைத்தால் இப்போதும் புன்னகை வருகிறது.

அதே 1973 இலையுதிர்காலத்தில் அயோவா பட்டறையில் ஆசிரியர்களாக இருந்தவர்கள் ஜான் சீவரும் ரேமண்ட் கார்வரும். இருவரும் குடித்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை, தட்டச்சுப்பொறியின் உறையைக்கூடக் கழற்றவில்லை என்று கார்வரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நேரத்தைக் கொடுத்தால் மட்டும் எழுத்து வந்துவிடாது என்பதற்கு அவர்கள் சாட்சி. தி.நகர்ப் பூங்காவில் உட்கார்ந்து எழுதிய நம்மவரோ, அந்தப் பனியிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

2009-ல் எழுத்தாளர் மீனா கந்தசாமி அதே சர்வதேசத் திட்டத்துக்குப் போய்வந்தார். எழுத்தாளர் பட்டறையிலேயே பட்டம் வாங்கியவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த வி.வி. கணேஷானந்தன். 1980-களின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கிற பெண்ணைப் பற்றிய அவருடைய 'பிரதர்லெஸ் நைட்' 2024-ல் கேரல் ஷீல்ட்ஸ் பரிசையும் பெண்களுக்கான புனைகதைப் பரிசையும் அடுத்தடுத்து வென்றது. கேரல் ஷீல்ட்ஸ் பரிசு மட்டும் ஒன்றரை லட்சம் டாலர். ஆனால் அந்த நாவலை எழுத அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. பட்டப்படிப்பு தந்த இரண்டு ஆண்டு போக, மீதியை அவரே எங்கெங்கோ தேடிச் சேர்த்திருக்கிறார். இப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எம்.எஃப்.ஏ. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

அந்தத் தேடல் இனி இன்னும் கடினம். 2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை அயோவாவின் சர்வதேசத் திட்டத்துக்குக் கொடுத்துவந்த மானியங்களை ரத்து செய்தது. சுமார் 10 லட்சம் டாலர். இளைஞர்களுக்கான கோடை முகாம் கைவிடப்பட்டது. ஆகஸ்டில் தேசியக் கலை நிதியம், எழுத்தாளர்களுக்கு ஆளுக்கு 25 ஆயிரம் டாலராகக் கொடுத்துவந்த உதவித்தொகையை அடுத்த ஆண்டுக்கு நிறுத்தியது. ஒருவருடம் கவிதை, மறுவருடம் உரைநடை என்று மாறிமாறி வந்த தொகை அது. அதே மாதம் சிகாகோ பல்கலைக்கழகம் மனிதவியல் துறைகள் பலவற்றில் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தோ நிறுத்தியோ அறிவித்தது.

மிஞ்சுவது தனியார் கொடையில் ஓடும் பழைய உறைவிடங்கள். நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள் 1907-ல் தொடங்கிய மெக்டவல் அதில் ஒன்று. ஓர் இசைக்கலைஞரும் அவர் மனைவியும் தங்கள் பண்ணையைக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மரங்களுக்கு நடுவே தனித்தனிக் குடில்கள். தங்குவதற்குக் கட்டணம் இல்லை. பட்டமோ சான்றிதழோ இல்லை. குடிலில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். அங்கே இதற்கு முன் உட்கார்ந்து எழுதியவர்களின் கையெழுத்துகள் அதில் வரிசையாக இருக்கும். போகும்போது நாமும் கீழே போடலாம். மதியமானால் ஒருவர் சாப்பாட்டுக் கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைப்பார். கதவைத் தட்டாமல் போய்விடுவார்.